வழித்துணையும் ஓர் இரவுச் சிற்றுண்டியும்

பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு ‘வழித்துணை’ என்பது வெறும் சொல் அன்று. அது ஒரு திருநாமம். வேலூருக்கு மேற்கே, விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு மார்க்கபந்தீஸ்வரர் என்று பெயர். மார்க்கம் என்றால் வழி. பந்து என்றால் உறவு. தமிழில் வழித்துணைநாதர். அம்பிகை மரகதாம்பிகை. எங்கள் பகுதியில் நெடும்பயணம் புறப்படுகிறவர்கள், அது திருமணத்துக்கோ, மருத்துவத்துக்கோ, மகன் வேலை பார்க்கும் ஊருக்கோ, எதுவாயினும் அந்தச் சந்நிதியில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் நானும் என் மனைவியும் அப்படித்தான் புறப்பட்டோம். சிங்கப்பூரில் இருக்கும் மகளின் வீட்டுக்கு. இருவருக்கும் அதுவே முதல் விமானப் பயணம். இதைச் சொன்னால் ஆம்பூரில் சிலர் நம்பமாட்டார்கள். ஏனெனில், நான் தேசியமயமாக்கப்பட்ட வங்கியொன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி தோல் ஏற்றுமதிக் கணக்குகளோடு கழிந்தது. ஹாம்பர்க், ரோட்டர்டாம், ஹாங்காங் என்று உலகத் துறைமுகங்களின் பெயர்களை நாள்தோறும் உண்டியல்களில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் அந்த ஊர்களுக்கெல்லாம் பறந்து சென்று வந்து கதை கதையாகச் சொல்வார்கள். நான் மட்டும் காட்பாடி சந்திப்பைத் தாண்டிப் போனால் அது சென்னை. அதையும் தாண்டினால் காசி, இராமேசுவரம். அவ்வளவே.

எங்கள் ஊர்ப்பகுதியை அறியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. பொங்கலுக்கு நாம் காப்புக் கட்டும் அந்த மஞ்சள் ஆவாரம்பூவின் செடியிலிருந்து உரித்த பட்டையைக் கொண்டுதான் முற்காலத்தில் தோல் பதனிட்டார்கள். ஒரே செடியின் பூ நம் வீட்டு நிலைவாசலுக்கும், பட்டை அண்டை வீட்டுக்காரரின் தொழிலுக்கும் சென்றது. பெருமாள் கோயில் மணியோசையும் பள்ளிவாசல் பாங்கோசையும் ஒரே தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ஒரே தெருவில் வாழ்வது வேறு, ஒரே பந்தியில் அமர்வது வேறு. இதைப் பிறகு சொல்கிறேன்.

என் தந்தையார் வெளியிடங்களில் கை நனைக்காதவர். இரயிலில் சென்றாலும் பேருந்தில் சென்றாலும் கட்டுச்சோறு கூடவே வரும். கோயில் பிரசாதம் ஒன்றே விலக்கு. அந்த நியமத்தை நானும் ஏற்றுக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளாகப் பிசகாமல் காத்தேன் என்று பெருமையும் பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைக்குப் பின்னால் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய ஒருத்தி இருந்தாள் என்பதை நான் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றும் அவள் அப்படியே எழுந்தாள். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கொஞ்சம் சுண்டல். மதியத்துக்கு வேலூர்ச் சத்துவாச்சாரியில் என் மைத்துனர் வீடு. இரவுக்கு இந்தக் கட்டுச்சோறு. விமானம் இரவு பதினொன்றரைக்கு. அதில் சைவ உணவு தருவார்கள் என்றாலும் நள்ளிரவு தாண்டிவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். என் மனைவி பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவள். எட்டு மணிக்குள் வயிற்றில் ஏதாவது விழவேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை.

காலை பத்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். பள்ளிகொண்டாவில் பள்ளிகொண்ட அரங்கனைச் சாலையிலிருந்தே கைகூப்பி வணங்கிவிட்டு, செதுவாலை அருகே நெடுஞ்சாலையை விட்டு விலகி விரிஞ்சிபுரம் அடைந்தோம். திருவாரூருக்குத் தேரும் விரிஞ்சிபுரத்துக்கு மதிலும் அழகு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மதிலைக் கண்டபின் அதை மறுப்பவர் இலர். உள்ளே சென்றால் பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாக எண்கள் பொறித்த அந்தக் கல்லில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் நாழிகையைச் சொல்லும். விமானத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கல்லைக் கண்டதும் ஏனோ மனம் சற்று அடங்கியது.

இத்தலத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று மிளகு வணிகருடையது. காஞ்சிபுரத்துக்கு மிளகு மூட்டைகளோடு சென்ற வணிகர் ஒருவர், கள்வர் பயத்தால் இங்கே வந்து இறைவனைத் துணைக்கு அழைத்தார். ஈசனே ஒரு வீரனாக வந்து வழி நெடுகக் காவலாக நடந்தார். வழித்துணை என்ற பெயருக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

மற்றொன்று என்னை எப்போதும் உருக்குவது. தந்தையை இழந்த சிவசர்மன் என்ற சிறுவன் பூசை செய்ய வேண்டிய முறை வந்தது. அந்தப் பாலகன் பிரம்மதேவனே என்பது தல வரலாறு. விரிஞ்சன் என்பது பிரம்மனின் பெயர். அபிஷேகம் செய்யக் கையை உயர்த்தினான். சிவலிங்கத்தின் முடி எட்டவில்லை. சிறுவன் கலங்கினான். இறைவன் தம் திருமுடியைச் சாய்த்து அந்த அபிஷேகத்தை ஏற்றுக்கொண்டார். இன்றும் லிங்கத் திருமேனி சற்றுச் சாய்ந்தே காட்சி தருகிறது. குருக்கள் தீபாராதனை காட்டியபோது, ‘ஐயனே, துணை வா’ என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். சாய்ந்த திருமுடி எனக்குச் சொல்ல வந்த செய்தி அப்போது விளங்கவில்லை. அன்றிரவுதான் விளங்கியது.

வேலூரில் மதிய உணவை முடித்துக்கொண்டு மூன்று மணிக்குப் புறப்பட்டோம். இரத்தினகிரி முருகன் இடப்புறம் அருள் செய்தான். வாலாஜாப்பேட்டை, காவேரிப்பாக்கம் தாண்டி, திருப்பெரும்புதூரில் பொழுது சாய்ந்தது. இராமாநுசர் 1017இல் அவதரித்த தலம் அது. இறங்கித் தரிசிக்க நேரமில்லை. காரிலிருந்தபடியே வணங்கினேன். அங்கிருந்து பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகளின் ஊர்.

இந்த இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்துக் கடக்கும்போது ஒரு வரலாறு நினைவுக்கு வராமல் இராது. திருக்கச்சி நம்பிகள் உண்டருளிய சேடத்தைத் தாம் உண்ணவேண்டும் என்று ஆசைப்பட்டு, இராமாநுசர் அவரைத் தம் இல்லத்துக்கு அமுது செய்ய அழைத்தார். நம்பிகள் வந்த வேளையில் இராமாநுசர் வெளியே போயிருந்தார். அம்மையார் உணவு படைத்தார். நம்பிகள் உண்டு சென்றதும், குலத்தை எண்ணி, மீதியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, இடத்தை மெழுகி, நீராடி, புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்து இதை அறிந்த இராமாநுசர் மனம் நொந்தார். அம்மையார் செய்ததெல்லாம் அக்கால ஆசாரப்படி சரியே. ஆயினும் ஓர் அடியாரின் மேன்மை அங்கே காணாமற்போயிற்று. இதை நான் எத்தனையோ சொற்பொழிவுகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

ஏழேகால் மணிக்குச் சென்னை விமான நிலையம். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். ஓட்டுநருக்குப் பணம் கொடுத்தேன். கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு எல்லாவற்றையும் வங்கிக் கோப்பு போல வரிசைப்படுத்திக் கையில் வைத்திருந்தேன். பெட்டிகளை ஒப்படைத்து, குடியகல்வுச் சோதனை முடித்து, பாதுகாப்புச் சோதனைக்கு வந்தோம். இடுப்பு வாரையும் காலணியையும் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். கோயில் வாசலில் நாம் செய்வதுதானே என்று என் மனைவி சிரித்தாள். ஆம்பூர்த் தோலில் செய்த என் வார், அந்தத் தட்டில் அமர்ந்து எனக்கு முன்னே சென்றது.

மறுபுறம் வந்து அமர்ந்ததும், “சாப்பாட்டுப் பையை எடுங்கள்” என்றாள்.

பை இல்லை. காரின் பின்னிருக்கையிலேயே விட்டுவிட்டேன். ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பூந்தமல்லியைத் தாண்டியிருந்தார். திரும்பி வந்தாலும் உள்ளே வர இயலாது. நாங்களும் வெளியே செல்ல இயலாது. கோப்புகளைக் காத்தவன் சோற்றை மறந்தான். “பையனிடம் சொல்லுங்கள், அவனாவது சாப்பிடட்டும்” என்றாள். அவளுடைய கோபம் எப்போதும் அவ்வளவுதான்.

மணி எட்டை நெருங்கியது. “ஏதாவது உணவகத்தில் நீ மட்டும் சாப்பிடு” என்றேன். “நீங்கள் உட்கார்ந்திருக்க நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? ஒரு வாழைப்பழம் கிடைத்தால் போதும்” என்றாள். பழமும் அருகில் எங்கும் கிடைக்கவில்லை. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியதைக் கண்டேன். குளிரூட்டப்பட்ட கூடத்தில் வியர்வை. கைப்பையிலிருந்த கற்கண்டை அவள் வாயில் இட்டேன். அந்தக் கணத்தில், வங்கிக் கணக்கில் வெகுநாள் மறைந்திருந்த பிழை திடீரெனக் கண்ணில் பட்டாற்போல் ஒன்று தெளிவாயிற்று. நாற்பது ஆண்டுகளாக நான் காத்த நியமத்துக்கு வட்டி கட்டி வந்தவள் அவள்.

எதிரில் பளிச்சென்று ஓர் உணவகம். மேசைகள், நாற்காலிகள், ஒளிரும் பலகையில் இட்லி, தோசை படங்கள். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று அமர்த்தினேன். பரிமாறும் இளைஞர் ஒருவர் வந்தார், இருபத்தைந்து வயதிருக்கும். எங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். உணவுப் பட்டியலை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஐயா, நீங்கள் சுத்த சைவமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஆமாம் தம்பி.”

“இங்கே இட்லி, தோசை எல்லாம் உண்டு. ஆனால் சமையலறை ஒன்றுதான். அந்தத் தோசைக்கல்லிலேயே முட்டையும் போடுவோம். நீங்கள் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தெரிந்தால் மனசு கஷ்டப்படும். அந்தக் கோடியில் சைவம் மட்டுமே சமைக்கிற இடம் இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன்.”

மேற்பார்வையாளரிடம் ஐந்து நிமிடம் என்று கையால் காட்டிவிட்டு, எங்கள் கைப்பையைத் தாமே எடுத்துக்கொண்டு, என் மனைவியின் நடைக்கேற்ப மெதுவாக நடந்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர் என்றதும் முகம் மலர்ந்தது. “நான் வாணியம்பாடி. என் தாத்தா தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர்” என்றார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தேன்; இசுலாமியப் பெயர். அந்த உணவகத்தில் எங்களை அமர்த்தி, அங்கிருந்தவரிடம், “எங்கள் ஊர்க்காரர்கள். அம்மாவுக்கு முதலில் சூடாக ஏதாவது கொடுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்கு விரைந்தார்.

இட்லியும் தயிர்சாதமும் வந்தன. தட்டுகள் மேசைக்கு வந்ததும் என் மனைவி, பழக்கத்தால், எனக்குப் பரிமாற எழுந்துவிட்டாள். “உட்கார்” என்றேன். சட்டினியை நான் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். திருமணமான நாள் முதல் நான் உண்டு முடித்த பிறகே உண்டவள், எனக்கு எதிரே அமர்ந்து, என்னோடு ஒரே நேரத்தில் உண்டது அன்றுதான் முதல் முறை. உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. இட்லி சுமார்தான்; வீட்டுப் பூவிட்டலி அன்று. சாம்பாரில் காரம் போதாது. கொடுத்த தொகைக்கு ஆம்பூரில் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிடலாம். வங்கிக்காரன் அல்லவா, இரசீதைக் கூட்டிச் சரிபார்த்தேன். “இத்தனை வருடம் ஓட்டலுக்குப் போகாமல் மிச்சம் பிடித்தது இதற்குத்தான் போலிருக்கிறது” என்றாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது.

எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. காரணம், 1997ஆம் ஆண்டின் ஒரு பகல்.

பாலாறு தோல் கழிவால் மாசடைவது குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே அதற்கான ஈட்டைத் தரவேண்டும் என்று அறிவுறுத்திய அத்தீர்ப்பு, எங்கள் பாலாற்றுக்குத் தேவையாயிருந்தது. அதே சமயம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகளைக் கெடுபிடி நெருக்கியது. என் வாடிக்கையாளரான முதியவர் ஒருவர், ஹாஜியார் என்றே எல்லோரும் அழைப்பர், அப்போது கடன் கேட்டு வந்தார். தாள்கள் சரியாக இருந்தன. விதிப்படி கடன் வழங்க ஏற்பாடு செய்தேன். அது என் கடமை. அவர் அதை உதவியாகக் கருதினார். ஒரு நாள் மதியம் உணவுக்கு வீட்டுக்கு வருமாறு அழைத்தார். எனக்காகவே புதுப் பாத்திரங்கள் வாங்கி, கோயில் தெருவிலிருந்து ஒரு சைவச் சமையற்காரரை வரவழைத்து, தனி அடுப்பு மூட்டிச் சமைக்க வைத்திருந்தார். நான் சென்றேன். இலை போட்டிருந்தது. “எனக்கு வெளியே உண்ணும் வழக்கமில்லை; இளநீர் போதும்” என்றேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் கையாலேயே இளநீர் சீவிக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். சில ஆண்டுகளில் காலமானார்.

ஆசாரத்தில் நான் பிழை செய்யவில்லை. இராமாநுசரின் இல்லத்து அம்மையாரும் ஆசாரத்தில் பிழை செய்யவில்லை. சிறுவனின் கைக்கு எட்டவில்லை என்று இறைவனே தலை சாய்த்தான். ஒரு முதியவரின் அன்புக்கு நான் கழுத்தை வளைக்கவில்லை. காலையில் சந்நிதியில் கண்ட காட்சி, இரவில், விமான நிலையத்து மேசையில் எனக்கு விளங்கியது.

எங்களை அழைத்துவந்த இளைஞரைத் தெய்வம் என்று நான் சொல்லப் போவதில்லை. மிளகு வணிகருக்கு வந்த துணைவன் இறைவன். எங்களுக்கு வந்தவர், பணி முடிந்து மின்சார இரயிலைப் பிடிக்க ஓடவேண்டிய ஒரு மனிதப் பிள்ளை. அப்படி இருப்பதுதான் அவருக்குப் பெருமை. தம் கடைக்கு வரவேண்டிய வியாபாரத்தை விட்டு, எங்கள் நியமத்தை எங்களைவிடக் கவனமாகக் காத்தவர் அவர். எங்கள் விரதத்தை நாங்களே மறந்து அமர்ந்த இடத்தில், வேறு சமயத்தைச் சார்ந்த ஒரு பிள்ளை அதை நினைவூட்டினார்.

விமானத்துக்குச் செல்லுமுன் அவரிடம் விடைபெறச் சென்றேன். “அம்மா நன்றாகச் சாப்பிட்டார்களா?” என்றார். “நீ சாப்பிட்டாயா தம்பி?” என்றேன். பதினொரு மணிக்குப் பிறகுதான் என்றார். ஆம்பூர் வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னேன். “வருகிறேன். நீங்கள் வாணியம்பாடி வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடுவீர்களா ஐயா?” என்று சிரித்தபடி கேட்டார். ஒரு கணம் தயங்கினேன். என் மனைவி முந்திக்கொண்டாள். “தயிர்சாதம் போட்டால் வருவோம்” என்றாள்.

சிங்கப்பூரில் மூன்று மாதம் பேரனோடு கழிந்தது. சித்திரையில் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக விரிஞ்சிபுரம் சென்று நன்றி சொன்னோம். இரண்டாவது வேலையாக, ஹாஜியாரின் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய மகன் வரவேற்றார். எதற்கு வந்தோம் என்பதைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. “ஒருவேளை உணவு கடன் இருக்கிறது, பெற்றுக்கொள்ள வந்தேன்” என்றேன். அவர் உள்ளே சென்று தம் தாயாரிடம் பேசினார். பரணிலிருந்து எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கும் ஓசை கேட்டது. 1997இல் வாங்கிய அதே பாத்திரங்கள். வீட்டில் அவற்றுக்கு ‘ஆபீசர் பாத்திரம்’ என்றே பெயராம். சைவ விருந்தினர் யாராவது வந்தால் அவற்றில் மட்டுமே சமைப்பார்களாம். இருபத்தேழு ஆண்டுகளாக என் மறுப்பு அந்த வீட்டில் ஒரு மரியாதையாக மாறிப் பரணில் இருந்திருக்கிறது.

பருப்புச் சோறும், இரசமும், தயிரும். வயிறு நிறைந்தது.

இன்றும் நான் சைவ உணவே உண்கிறேன். கட்டுச்சோறும் கட்டிக்கொண்டுதான் செல்கிறேன். இப்போது அதைக் கட்டும்போது நானும் அடுப்படியில் நிற்கிறேன். ஆனால் அன்போடு இடப்படும் இலையை விலக்குவதில்லை.

விரிஞ்சிபுரம், வேலூரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். ஆம்பூர் செல்லும் சாலையில் செதுவாலையில் இறங்கினால் ஆலயம் அருகிலேயே உள்ளது. கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு இங்கே பெருவிழா. அப்பைய தீட்சிதர் பாடியதாகப் போற்றப்படும் மார்க்கபந்து ஸ்தோத்திரத்தைப் பயணம் புறப்படும் முன் சொல்லும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. நெடுந்தொலைவு பயணம் செய்யவிருக்கும் அன்பர்கள் ஒருமுறை சென்று, சாய்ந்திருக்கும் அந்தத் திருமுடியைக் கண்ணாரக் காணுங்கள். வழியில் அவன் எந்த உருவில், எந்தப் பெயரில் துணையை அனுப்புவான் என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.